மஞ்சள் காய்ச்சல் வராமல் போன தெரு

ஊசி எப்படிப் போடுவது, மருந்தை எப்படிப் பத்திரப்படுத்துவது, சான்றிதழில் எந்த இடத்தில் முத்திரை குத்துவது என்பதையெல்லாம் சுகாதார வேலைக்குப் புதிதாக வந்த நீங்கள் பயிற்சியிலேயே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதில் எனக்குத் தெரியாத புதுசுகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அதை விட்டுவிடுகிறேன். சுகாதார இலாகாவில் காலம் முழுக்க உழைத்தவன் என்ற முறையில் உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு நான்கு நாள் இருக்கிறது. புதன்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை முடிந்த நான்கு நாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டில் ஹெல்த் இன்ஸ்பெக்டர். வயது இருபத்தாறு. சொந்த ஊர் கருங்குழி. காக்கிச் சட்டை போட்டால் ஜனங்கள் எழுந்து நிற்பார்கள் என்பதில் எனக்கு அப்போது கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்தப் புதன்கிழமை காலை ஜில்லா சுகாதார அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நாங்கள் அவரை டாக்டர் என்று மட்டும்தான் சொல்வோம். அதிகம் பேசமாட்டார். மேஜைமேல் பம்பாயிலிருந்து வந்த தந்தி கிடந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து விமானத்தில் வந்த யூசுப் என்ற பயணி, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இன்னும் செல்லுபடி ஆகாத நிலையில் ஊருக்குள் போய்விட்டது பிறகுதான் தெரிந்தது, உடனே கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தவும் என்று இருந்தது. முகவரி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு முஸ்லிம் தெரு.

மஞ்சள் காய்ச்சல் வேறு, நம் ஊர்க் காமாலை வேறு. அது கடுங்காய்ச்சல். கண் மஞ்சளாகும், ரத்த வாந்தி வரும், பலர் செத்துப்போவார்கள். அதைக் குணமாக்க மருந்து கிடையாது, முன்கூட்டிப் போட்டுக்கொள்ளும் ஊசி மட்டும் உண்டு. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேராகத் தொற்றாது. நடுவில் ஒரு கொசு வேண்டும். பகலில் கடிக்கும், காலில் வெள்ளை வளையம் போட்ட கொசு. அந்தக் கொசு நம்மிடம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. நோய் மட்டும்தான் இந்த நாட்டுக்குள் வந்ததில்லை.

முன்பெல்லாம் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருவார்கள். யாருக்காவது அந்த நோய் இருந்தால் நடுக்கடலிலேயே தெரிந்துவிடும். விமானம் வந்த பிறகு ஒரே நாளில் வந்து இறங்கிவிடுகிறார்கள். நோய் உடம்பில் ஒளிந்திருக்கும் காலம் ஆறு நாள். ஊசி போட்டால் பலம் கிடைக்கப் பத்து நாள் ஆகும். இந்த ஆள் ஊசி போட்டு நாலே நாளில், ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறியிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் வரை அவரை ஒரு கொசுகூடக் கடிக்கக்கூடாது.

"நம்ம ஜில்லால இந்தத் தடுப்பூசி எவ்வளவு இருக்கு டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஒரு சொட்டு இல்ல" என்றார். "வழியில கடிச்ச கொசுவை நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. இனிமே கடிக்கறதுதான் முக்கியம். காய்ச்சல் ஆரம்பிக்கற சமயத்துலதான் ரத்தத்துல விஷம் அதிகம். போய்க் கூட்டிக்கிட்டு வா."

இரண்டு கொசுவலை, ஒரு மருந்தடிக்கும் கை பம்பு, ஒரு தெர்மாமீட்டர், ரத்தம் எடுக்கச் சில கண்ணாடித் துண்டுகள். இவற்றை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். கார்த்திகை மழை அப்போதுதான் விட்டிருந்தது. வழியெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஒவ்வொரு குட்டையும் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது.

அந்தத் தெருவில் வீட்டைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு வீட்டின் முன்னால் பந்தல் போட்டிருந்தது. உள்ளே கூட்டம். வெளியூர்ப் பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படாமல் கூடத்தில் இருந்தன. யூசுப் வந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவருடைய அம்மா முக்காட்டைச் சரிசெய்தபடி வந்து என் முன்னால் ஒரு தட்டை நீட்டினார்.

"வாங்க சார், குந்துங்க. எம்புள்ள ஒம்பது வருசம் கழிச்சி வந்துகீறான். மொதல்ல வாய்க்கு இனிப்பு போட்டுக்கினு அப்பறம் பேசுங்க."

யூசுப் என் காக்கிச் சட்டையைப் பார்த்தார். முப்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள். ஆப்பிரிக்காவில் ஒரு குஜராத்திக்காரர் கடையில் தையல் மிஷின் ரிப்பேர் செய்பவர். நான் கேட்காமலே சட்டைப்பையிலிருந்து மஞ்சள் நிறச் சான்றிதழ் அட்டையை எடுத்து என்னிடம் தந்தார்.

"தேதியப் பாத்துத்தான் வந்துகீறீங்களா சார்?"

"ஆமா."

"பம்பாயில யாரும் சரியாப் பாக்கல. நானும் வாயத் தொறக்கல." குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை தங்கச்சிக்கு நிக்காஹ். அத்தா மவுத்தாகி, அவரு போயி ரெண்டு வருசம் ஆவுது. நான்தான் மாப்பிள்ள கையப் புடிச்சிக் குடுக்கணும். லீவு கெடச்சதே கடைசி நேரத்துல. பத்து நாள் காத்திருந்தா நிக்காஹ் முடிஞ்சிப் பூடும்."

"இந்தக் காய்ச்சலைப் பத்தித் தெரியுமா உங்களுக்கு?"

அவர் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். "என்கூட ஒரே ரூம்ல இருந்தவன் போன மாசம் அதுலதான் சார் போனான். நான்தான் அவன் வாயைத் தொடச்சி வுட்டேன்." சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்து மூடிக்கொண்டார். "ரயில்ல ரெண்டு நாளா அதே நெனப்பு. எங்க சொல்றீங்களோ அங்க வரேன்."

இங்கேதான் நான் முதல் முடிவை எடுக்க வேண்டியிருந்தது. கூட்டிக்கொண்டு வா என்பது டாக்டரின் உத்தரவு. ஆனால் செங்கல்பட்டுக்கும் அங்கேயுமாகப் போய்ப் போய்த் திரும்பியது ஒரே பஸ், அதிலும் நிற்க இடமில்லாத கூட்டம். அங்கே இருந்த தனிமை ஷெட்டின் ஜன்னல் வலை கிழிந்திருந்தது, பின்னால் ஏரித் தண்ணீர். போகிற வழியில் இவரை எத்தனை கொசு கடிக்கும்? உத்தரவை அப்படியே நிறைவேற்றினால் என்மேல் பழி வராது. நோய் வரலாம். ஒரு தாளில் நிலைமையை எழுதி, அவரை வீட்டிலேயே வலைக்குள் வைக்க அனுமதி கேட்டு, பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். சாயங்காலப் பஸ்ஸில் டாக்டரின் பதில் வந்தது. ஒரே வரி. "சரி. வலைக்கு நீ பொறுப்பு." அந்த வரியைப் படித்தபோது என் கர்வமெல்லாம் இறங்கிவிட்டது.

பதில் வருவதற்கு முன்பே யூசுப்பை வாசல் பக்கத்து அறையில் ஒரு கட்டிலில் உட்காரவைத்து வலையைக் கட்டிவிட்டிருந்தோம். பகல் முழுக்க அதற்குள்ளேயே இருக்க வேண்டுமே, ஒற்றை வலை குறுகலாக இருந்தது. தங்கைக்காக அவர் ஒரு கை தையல் மிஷின் கொண்டுவந்திருந்தார். அதை உள்ளே வாங்கி, இரண்டு வலைகளையும் ஓரம் சேர்த்துத் தைத்து, ஒரு சின்ன அறை அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டார். கொல்லைக்குப் போகும்போது தலைமுதல் கால்வரை கம்பளி போர்த்திக்கொண்டு போவார். நான் பின்னாலேயே பம்போடு போவேன்.

அடுத்தது தெரு. வெள்ளை வளையக் கொசு குட்டையில் பிறப்பதைவிட வீட்டுக்குள் சேர்த்துவைத்த நல்ல தண்ணீரில்தான் அதிகம் பிறக்கும். கடலோரத்தில் கிணறெல்லாம் உப்பு. நல்ல தண்ணீர் மேற்கே ஒன்றரை மைல் தாண்டி, கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில்தான் கிடைக்கும். கல்யாணத்துக்கென்று வண்டி வண்டியாகக் கொண்டுவந்து அண்டா, பானை, சிமெண்டுத் தொட்டி எல்லாவற்றிலும் ஒரு வாரமாக நிரப்பி வைத்திருந்தார்கள். தெருவே உறவு, ஆகவே எல்லார் வீட்டிலும் அந்தத் தண்ணீர். பெண்கள் இருக்கும் உள்கட்டுக்கு நான் போக முடியாது. போனாலும், கல்யாண வீட்டில் தண்ணீரைக் கொட்டு என்று எந்த வாயால் சொல்வது?

யூசுப் அம்மாவிடம் தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டேன். குடிக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வந்தார். அதை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். உள்ளே நாலைந்து கூத்தாடிப் புழுக்கள் மேலும் கீழும் துள்ளின.

"இது ரெண்டு நாள்ல கொசுவாகும்மா. யூசுப்புக்கு அந்தக் காய்ச்சல் இருந்து, இது அவரைக் கடிச்சிட்டு அடுத்தவங்களைக் கடிச்சா, இந்தத் தெருவோட நிக்காது. மெட்ராஸ் போகும். எங்க முடியும்னு எனக்குத் தெரியாது."

"எம்புள்ளைக்கு அது கீதா சார்?"

"தெரியலம்மா. சனிக்கிழமை தெரியும்."

அவர் அந்த டம்ளரை என் கையிலிருந்து வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவார் என்றும் நினைத்தேன். அவர் டம்ளரோடு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பெரிய அண்டா சாயும் சத்தம் கேட்டது. கொல்லை வழியாகப் பக்கத்து வீட்டில் அவர் குரல் கேட்டது. அங்கேயும் ஒரு சத்தம். அப்புறம் அதற்கு அடுத்த வீடு.

அன்று அரை மணி நேரம் நான் தெருவின் நடுவில் நின்றேன். இரண்டு பக்கமும் எல்லா வீட்டுச் சாக்கடை மதகு வழியாகவும் தண்ணீர் பாய்ந்து வந்தது. என் செருப்பை நனைத்துக்கொண்டு, மணலில் வாய்க்கால் வெட்டிக்கொண்டு கடலை நோக்கி ஓடியது. உள்ளே பானைகளைத் தேங்காய் நாரால் தேய்க்கும் சத்தம். ஒரு பெண்ணும் என் கண்ணில் படவில்லை. சட்டத்தைக் காட்டி நான் ஒரு மாதம் மிரட்டினாலும் நடக்காத காரியம் அது. எனக்குக் கைகூப்பத் தோன்றியது. யாரைப் பார்த்துக் கூப்புவது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் யூசுப் வலைக்குள்ளிருந்து மெதுவாகக் கூப்பிட்டார். "சார், குளுருது."

தெர்மாமீட்டரை வலையின் அடியில் நுழைத்துக் கொடுத்தேன். நூற்று மூன்று.

அந்த நிமிஷத்தை எனக்கு விவரிக்கத் தெரியாது. கடல் அலை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் தலை குனிந்தவன், அப்போதுதான் அதைப் பார்த்தேன். கட்டிலின் நான்கு கால்களும் நான்கு மண் கிண்ணங்களில் நின்றன. எறும்பு ஏறாமலிருக்க அவற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பது அந்த வீட்டு வழக்கம். கிண்ணத்தில் கூத்தாடிப் புழுக்கள். சில கூடுகள் காலியாக மிதந்தன, அதாவது அவற்றிலிருந்து கொசு ஏற்கெனவே பறந்துவிட்டது. தெருவே தன் குடிதண்ணீரைக் கொட்டியிருந்தது. நோயாளியின் கட்டில்காலை நான் பார்க்கவில்லை. வலையை என் கையால்தான் கட்டினேன். அந்தக் கிண்ணங்களைத் தாண்டித்தான் கட்டினேன்.

கிண்ணங்களை எடுத்துக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினேன். கதவையும் ஜன்னலையும் சாத்தி, அறை மூலையெல்லாம் பம்பால் அடித்தேன். பிறகு யூசுப் விரலைக் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசினேன். ஆப்பிரிக்காவிலிருந்து வருபவருக்கு மலேரியாவும் வரலாம். அதையாவது பார்த்துவிட வேண்டும். கண்ணாடியைத் தாளில் சுற்றி ஓடிப்போய் டிரைவரிடம் கொடுத்தேன்.

"இன்னா சார் இது?"

"ரத்தம். உடையக்கூடாது. டாக்டர் கையிலதான் குடுக்கணும்."

"சட்டப்பைல வெச்சிக்கிறேன். இன்னிக்கு ஒரு பள்ளத்துலயும் வுட மாட்டேன், போங்க" என்றார். காரணம் கேட்கவே இல்லை.

திரும்பி வந்ததும் யூசுப் அம்மாவிடம் காய்ச்சலைப் பற்றியும் சொன்னேன், கிண்ணத்தைப் பற்றியும் சொன்னேன். என் தப்பு என்று சொன்னேன். மறைத்திருக்கலாம். ஆனால் இன்னும் இரண்டு நாள் அவர் என் வார்த்தையை நம்ப வேண்டியிருந்தது. அவர் ஒரு விசிறியை எடுத்து வந்து வலைக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். வலையில் ஏதாவது உட்கார்ந்தால் ஒரு தட்டு. இருட்டினால் இந்தக் கொசு அடங்கிவிடும் என்று நான் சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் டாக்டரின் சீட்டு வந்தது. "மலேரியாக் கிருமி தெரிகிறது. மாத்திரை அனுப்பியிருக்கிறேன். வலையை எடுக்காதே. இது இருந்தால் அது இல்லை என்று அர்த்தமில்லை." மலேரியா என்று படித்துச் சந்தோஷப்பட்டவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைசி இரண்டு வரிகள் அந்தச் சந்தோஷத்தைப் பாதியாக்கின. யூசுப்பின் கண்ணை வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. அது மஞ்சளாக இன்னும் நேரம் இருந்தது.

நிக்காஹைப் பள்ளிவாசலில் நடத்தாமல் அந்த அறை வாசலிலேயே நடத்துவது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் முடிவு செய்தார். யூசுப்புக்குப் பதிலாகச் சொல்ல வேறொருவரை வக்கீலாக வைத்து, அவர் இல்லாமலும் நடத்தலாம் என்றுதான் முதலில் சொன்னார். "அவன் வாயாலதான் சொல்லணும்" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. அதற்குமேல் ஹஜ்ரத் வற்புறுத்தவில்லை.

ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் வந்தார்கள். யூசுப்புக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. வலைக்குள்ளேயே புதுச்சட்டை மாற்றித் தொப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை வலைக்கு வெளியே எதிரில் உட்கார்ந்தார். இருவரும் கை பிடிக்க வேண்டிய நேரம் வந்தது. நடுவில் வலை.

மாப்பிள்ளையின் பெரியப்பா என்னைப் பார்த்தார். "ஒரே ஒரு நிமிசம் சார். வலையத் தூக்கினா இன்னா ஆயிடும்? சுத்தி நாப்பது பேர் கீறோம், கொசு வந்தா அடிச்சிட மாட்டமா? நல்ல காரியத்துல ஒரு மனுசன மிருகம் மாதிரி கூண்டுல வெச்சிக்கினு."

எல்லார் கண்ணும் என்மேல் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், என் கை வலையின் ஓரத்துக்குப் போய்விட்டது. அந்த அம்மா வீட்டுத் தண்ணீரையெல்லாம் கொட்டியவர். இரண்டு நாளாகத் தூங்காதவர். அவருக்கு இந்த ஒரு நிமிஷத்தைக்கூடக் கொடுக்காவிட்டால் நான் என்ன மனுஷன்? கிண்ணத்தில் செய்த தப்பு வேறு என்னைக் கரைத்திருந்தது. வலையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினேன்.

"வுடுங்க சார்."

யூசுப் உள்ளேயிருந்து வலையை இழுத்துத் தன் முழங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டார். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"பம்பாயில வாயத் தொறக்காம வந்தவன் நான். அங்கியே சொல்லியிருக்கணும். இப்பவும் சும்மா இருந்தன்னா நான் ஆளே இல்ல. பெரியப்பா, மன்னிச்சிக்குங்க. மச்சான், நீ கைய அப்பிடியே வலமேல வை."

மாப்பிள்ளை வலது கையை வலையின்மேல் வைத்தார். யூசுப் உள்ளேயிருந்து துணியோடு சேர்த்து அதைப் பிடித்தார். துணி ஒட்டியிருந்தால் கொசு அதன் வழியாகவே கடிக்கும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், ஹஜ்ரத் தன் தோளில் கிடந்த கனமான சால்வையை எடுத்து, மடித்து, இரண்டு கைகள்மேலும் போட்டார். யூசுப் தங்கையைக் கொடுக்கும் வார்த்தைகளைச் சொன்னார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றார். உள்கட்டில் யாரோ விம்மினார்கள், கல்யாணப் பெண்ணா அம்மாவா தெரியவில்லை.

நான் வழிபாட்டுக்குப் பெரிதாகப் போகிறவன் இல்லை. ஆனாலும் அந்த அறைவாசலில் நின்றபோது, ஒரு பெரிய சந்நிதியில் நிற்கிறவன்போல என் உடம்பு அடங்கி நின்றது. சட்டமும் சீருடையும் வைத்திருந்த நான் தளர்ந்துவிட்டேன். காவலை உள்ளே இருந்தவரே பிடித்துக்கொண்டார்.

விருந்துக்குத் தண்ணீர் வேண்டுமே. கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் காலையிலேயே விஷயம் கேள்விப்பட்டுப் பீப்பாய்களில் நிரப்பிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அதைத் துணியில் வடிகட்டி, அன்றே செலவழித்தார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. யூசுப்புக்கு வலைக்கு அடியில் கஞ்சி போயிற்று.

சனிக்கிழமை காலை காய்ச்சல் இல்லை. மத்தியானம் இல்லை. நாலு மணிக்கு டாக்டரே ஜீப்பில் வந்தார். கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று ஒரு குழாயில் சூடுபடுத்திப் பார்த்தார். கெடு முடிகிற ஆறு மணிவரை எங்களோடு சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து தன் கையாலேயே வலையைத் தூக்கினார். "வாங்க" என்றார்.

யூசுப் வெளியே வந்து இரண்டு அடி வைத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜீப்பில் திரும்பும்போது டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்ணத்தையும், வலையைத் தூக்கிய கையையும் மறைக்கவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்த அம்மா பேரு என்ன?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நான்கு நாள் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், யூசுப் அம்மா என்றே கூப்பிட்டிருக்கிறேன்.

"ரிப்போர்ட்ல வலை எத்தனை, மருந்து எவ்வளவுன்னு எழுதுவ. இதை நிறுத்தினது யாருன்னு எழுத வேண்டாமா?"

திங்கட்கிழமை பஸ் பிடித்து மறுபடியும் போனேன். யூசுப் அம்மா வாசலுக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எம்பேரு எதுக்கு சார்? நான் மட்டுமா ஊத்தினேன்? எழுதிக்குங்க" என்றார். தெருவின் கடைசி வீட்டிலிருந்து தொடங்கினார். ரஹ்மத்து. ஆமினா. அவள் மாமியார் சைனம்பு. கர்ப்பமாக இருந்தும் தொட்டி தேய்த்த பல்கீசு. கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் அனுப்பிய முனியம்மா. வீடு வீடாக, ஒருவரையும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே போனேன். பக்கம் திரும்பியது. பட்டியல் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நிறுத்திவிட்டார்.

"உங்க பேரும்மா?"

இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு, "மரியம்" என்றார்.